கல் ஆடினால், கசடு தேங்கினால்: கடல்நீர்த் தொட்டியில் லைவ் ராக் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கடல்நீர்த் தொட்டியில் ஏதாவது கோளாறு என்றால் எல்லோரும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிப்பார்கள். டெஸ்ட் கிட் வாங்குவார்கள், பாதித் தண்ணீரை மாற்றுவார்கள், யாரோ சொன்ன மருந்தை ஊற்றுவார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மெரைன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாதி கடைசியில் கல்லடுக்கில்தான், அதாவது பாக்டீரியா குடியிருந்து தண்ணீரைச் சுத்தம் செய்யும் லைவ் ராக் அடுக்கில்தான் போய் முடிகிறது. கல் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதன் ஊடே தண்ணீர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். மருந்தெல்லாம் அப்புறம்.

கல் எங்கே கிடைக்கும் என்பதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நம் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருப்பதை எடுப்பதும் குற்றம், செத்த எலும்புக்கூட்டை எடுப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. யாராவது சாக்கில் கட்டி வந்து “பழைய சரக்குதான்” என்று சொன்னாலும் வாங்காதீர்கள். மீன் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த நுண்துளைக் கல்லோ, சிமென்டில் வார்த்த கல்லோ போதும். பாக்டீரியா குடியேறிச் சில வாரங்கள் ஆனால் அதுவும் லைவ் ராக்தான். கல்லின் மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் குறைந்த உள்துளைகளில் இருக்கும் வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டையும் ஓரளவு குறைக்கும். துளையில்லாத கல்லில் இந்த வேலை பெரிதாக நடக்காது.

அறிகுறி: விரலால் தொட்டால் கல் ஆடுகிறது

எந்தக் கல் ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள். மேலே உள்ள கல்தான் ஆடுவதுபோல் தெரியும், ஆனால் குற்றவாளி பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். மேல் கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடிக்கல்லின் ஒவ்வொரு மூலையையும் கட்டைவிரலால் பைய அழுத்துங்கள். ஏதாவது ஒரு மூலையில் ‘டக்’ என்று கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டால், அந்தக் கல் இரண்டு முனையில் மட்டும் நிற்கிறது என்று பொருள்.

அடுப்புக்கு மூன்று கல் வைப்பதுபோல, ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே உள்ளதை மூன்று இடத்தில் தொட வேண்டும். இரண்டு இடத்தில் தொட்டால் ஆடும். நான்கு இடத்தில் தொடுவதுபோல் தெரிந்தாலும் உண்மையில் மூன்றுதான் பாரம் தாங்கும், நான்காவது சும்மா இருக்கும். அதனால் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து மூன்று முனை கிடைக்கும் நிலையைப் பிடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் உளியால் ஒரு முண்டைத் தட்டி எடுங்கள். சப்பைக் கல்லைச் செருகி முட்டுக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. நத்தை ஏறி இறங்கும்போது அந்தச் செருகல் நகர்ந்துவிடும்.

வெளியில் அசையாமல் நின்றது தொட்டிக்குள் தண்ணீர் விட்டதும் ஆடுகிறதே என்று பலர் குழம்புவார்கள். அதற்கும் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கல் தன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீருக்குள் இழந்துவிடும். வெளியே 10 கிலோ இருந்த கல் உள்ளே ஏறக்குறைய 6 கிலோதான். பாரத்தினால் மட்டும் பிடித்துக்கொண்டிருந்த இடமெல்லாம் அப்போது தளர்ந்துவிடும். அதனால் உலர்ந்த நிலையில் சோதிக்கும்போதே கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சோதியுங்கள். தொட்டியின் அடித்தளத்தின் அளவை ஒரு அட்டையில் வரைந்து, திண்ணையில் போட்டு, அதன் மேல் அடுக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் நன்றாகத் தள்ளியும் நகராத அடுக்கைப் படம் எடுத்துக்கொண்டு, கல்லுக்கு எண் எழுதி, அதே வரிசையில் உள்ளே வையுங்கள்.

அடிக்கல் நேரடியாகக் கண்ணாடியில் ஒரு கூர்முனையில் நிற்கிறதா என்றும் பாருங்கள். டியூப்லைட் கூண்டுகளில் மாட்டும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டை வெட்டி அடியில் விரித்தால் பாரம் பரவும், முனையும் கட்டத்துக்குள் விழுந்து நகராமல் நிற்கும். மண் தேங்கி அந்தக் கட்டங்களுக்குள் அழுக்கு சேரும் என்று சிலர் இதை வேண்டாம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எனவே கல் வரும் இடத்துக்கு மட்டும் வெட்டிப் போடுங்கள், அடித்தளம் முழுக்க வேண்டாம்.

அறிகுறி: ராத்திரி நின்றது, காலையில் சரிந்து கிடக்கிறது

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான்: “அண்ணே, ராத்திரி படுக்கும்போ நல்லாத்தான் நின்னுது. காலையில பாத்தா எல்லாம் சரிஞ்சு கெடக்கு.”

“மண்ணு மேல வச்சியா, கண்ணாடி மேல வச்சியா?”

“மண்ணு மேலதான்... அழகா இருக்கட்டும்னு.”

கேள்வி அங்கேயே முடிந்தது. அவன் தொட்டியில் ஒரு கோபி மீனும் அதனோடு ஒரு பிஸ்டல் இறாலும் இருந்தன. அந்த இறாலுக்கு வேலையே குழி தோண்டுவதுதான். கல்லுக்கு அடியில் இருந்து மண்ணை அள்ளி வாசலில் கொட்டும். அதற்குக் கல் தன் மேல் விழும் என்ற கவலை கிடையாது. தோண்டும் மீன், இறால், நண்டு எது இருந்தாலும் கல் முதலில், மண் பிறகு. கண்ணாடியிலோ கட்டத்தட்டிலோ கல்லை ஊன்றி, அதற்குப் பிறகு சுற்றிலும் மண் போடுங்கள். கல் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டுமென்றால் பிவிசி குழாயை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, பக்கத்தில் நாலைந்து ஓட்டை போட்டு, கால்களாக வையுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் செத்துக் கிடக்கும்.

இப்போது சரிந்து கிடக்கும் அடுக்கை என்ன செய்வது? அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். வேவ் மேக்கரையும் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) ரிட்டர்ன் மோட்டாரையும் (வடிகட்டிய தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றுவது) நிறுத்துங்கள். டார்ச் அடித்து மீன்களை எண்ணுங்கள். ஏதாவது கல்லுக்கு அடியில் மாட்டியிருந்தால், மேலே உள்ள கல்லைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அடியில் உள்ளதை இழுத்தால் மிச்சமும் விழும். கண்ணாடியின் உள்மூலைகளில் சிலிகான் விளிம்பு பிய்ந்திருக்கிறதா, வெளியே தரையில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் ஏறக்குறைய 250 லிட்டர். கசிவு என்று உறுதியானால் கல்லை அடுக்கிக்கொண்டு நிற்காமல் முதலில் டிரம்மில் தண்ணீரை இறக்குங்கள்.

நத்தையும் கடல் முள்ளெலியும்கூட சின்னக் கற்களைத் தள்ளிவிடும். ஒரு பெரிய முள்ளெலி உள்ளங்கை அளவு கல்லை முதுகில் சுமந்துகொண்டு போவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், அந்தக் கல் பம்பின் மேல் விழும்வரை.

அறிகுறி: பசை பிடிக்க மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் பசை மேல் தப்பில்லை. கல்லின் மேல் படிந்திருக்கும் வழவழப்பு மேல்தான். பாசியும் பாக்டீரியாப் படலமும் இருக்கும் இடத்தில் ஒட்டினால் பசை படலத்தைப் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. பழைய பல்துலக்கியால், தேவைப்பட்டால் உளி முனையால், ஒட்டப்போகும் இரண்டு இடத்தையும் வெள்ளைக் கல் தெரியும்வரை சுரண்டுங்கள்.

பசையில் இரண்டு வகை. ஒன்று சயனோஅக்ரிலேட், அதாவது கடையில் சூப்பர் குளூ என்று கேட்டால் தருவது. தண்ணீர்போல் ஓடும் பெவிக்விக் மாதிரி திரவம் இங்கே உதவாது, துளைக்குள் உறிஞ்சிப் போய்விடும். ஜெல் வகை வேண்டும். ஈரம் பட்டதும் இது தோல் கட்டிவிடும், அதனால் தண்ணீருக்குள் நேரடியாக வைத்தால் வெளியே தோல், உள்ளே திரவம், பிடிப்பு இல்லை. இன்னொன்று இரண்டு நிறத்தில் வரும் எபாக்ஸிப் புட்டி. பிசைந்தால் களிமண்போல் இருக்கும், நேரம் எடுத்துக் கல்லாகும். ஆனால் அது தன்னால் கல்லில் ஒட்டாது. இடுக்கை நிரப்பத்தான் நல்லது.

இரண்டையும் சேர்த்தால்தான் வேலை முடியும். புட்டியை ஒரே நிறம் வரும்வரை பிசைந்து உருண்டையாக்குங்கள். உருண்டையின் ஒரு பக்கம் ஜெல், மறுபக்கமும் ஜெல். அதை அடிக்கல்லில் அழுத்தி, மேல் கல்லை அதன் மேல் வைத்து, லேசாக ஒரு சுற்றுத் திருகுங்கள். திருகும்போது ஜெல்லின் தோல் கிழிந்து உள்ளே இருக்கும் புதுப் பசை கல்லில் படும். ஒட்டும் ரகசியமே அந்தத் திருகலில்தான் இருக்கிறது. ஓரங்களில் பிதுங்கி வரும் புட்டியை ஈர விரலால் கல்லின் துளைகளுக்குள் அழுத்திவிடுங்கள், கண்ணுக்கும் தெரியாது, பிடிப்பும் கூடும். பிறகு கையை எடுத்துவிட்டு ஆட்டிப் பார்க்காமல் இருங்கள். நம்மூரில் யாராலும் முடியாத காரியம் இதுதான்.

வெளியில், உலர்ந்த கல்லில் வேலை என்றால் இன்னும் சுலபம். ஜெல் வைத்து, இடுக்கில் பஞ்சைத் திணித்து, அதன் மேல் திரவப் பசையைச் சொட்டினால் உடனே இறுகும். சூடாகும், புகை வரும். முகத்தைத் தள்ளி வைத்து, சன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். பஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு பசை ஊற்றாதீர்கள், விரல் வெந்துவிடும்.

வளைவு, பாலம் மாதிரி அந்தரத்தில் தொங்கும் அமைப்பு வேண்டுமென்றால் பசையை மட்டும் நம்பாதீர்கள். கல்லில் கான்கிரீட் பிட் கொண்டு ஓட்டை போட்டு, அக்ரிலிக் அல்லது பைபர்கிளாஸ் தண்டைச் செருகி அப்புறம் ஒட்டுங்கள். டிரில்லில் ஹாமர் விசையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கல் பிளக்கும். இரும்பு ஆணி துருவாகும். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக் கொடுப்பதும் உப்புத் தண்ணீரில் நாளடைவில் குழி விழுந்து துருப்பிடிக்கும். செம்புக் கம்பி பக்கமே போக வேண்டாம், இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். கட்டிப்போட வேண்டுமென்றால் நைலான் கேபிள் டை, அல்லது கடற்கரையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் தடித்த தங்கூசி, அதாவது மீன்பிடி நைலான் நரம்பு. பைபர் வள்ளம் பூசும் ஷெட்டில் கிடைக்கும் ரெசினை வைத்து ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். முழுதாக இறுகாத பாலியெஸ்டர் ரெசினிலிருந்து ஸ்டைரீன் கசியும்.

அறிகுறி: ஒட்டிய மறுநாள் தண்ணீர் மங்கல், ஸ்கிம்மர் பொங்கி வழிகிறது

பயப்பட ஒன்றுமில்லை. எபாக்ஸியில் இருந்து வரும் பொருளால் ஸ்கிம்மரில் (நுரை கிளப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) நுரை பெருகும். அதன் நுரை சேரும் கோப்பையை உயர்த்தி வையுங்கள், ரசாயனத்தை உறிஞ்சும் கார்பன் கரி போடுங்கள், ஒன்றிரண்டு நாளில் அடங்கும். ஒரே நேரத்தில் புட்டியை நிறைய பயன்படுத்தினால் தொல்லை கூடும். பெரிய வேலை என்றால் கல்லை வெளியில் எடுத்துச் செய்வதே மேல்.

அறிகுறி: கல்லுக்குப் பின்னால் பழுப்புக் கசடு, மேலே சிவப்புப் படலம், நைட்ரேட் இறங்கவே இல்லை

இதுதான் அதிகம் வரும் கேள்வி. தண்ணீர் மாற்றுவார்கள், இரண்டு நாளில் நைட்ரேட் பழையபடி ஏறும். காரணம் கல்லுக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் கிடங்கு.

முன்பெல்லாம் பின்கண்ணாடியில் சாய்த்துச் சுவர்போல் அடுக்குவதுதான் வழக்கம். பார்க்கக் கல் நிறைய இருப்பதுபோல் தெரியும், கடைக்காரருக்கும் வியாபாரம். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நகராது. போட்ட தீனியும் மீனின் கழிவும் அங்கே போய் உட்கார்ந்து அழுகும். வழவழப்பான சிவப்புப் படலம் பாசி இல்லை, சயனோபாக்டீரியா. ஓட்டம் குறைந்து சத்து கூடிய இடத்தில் படரும். மருந்து ஊற்றினால் போகும், மறுபடி வரும்.

ஓட்டம் எங்கே செத்திருக்கிறது என்று பார்க்க ஒரு சிட்டிகை பிளேக் தீனியை விரலில் நுணுக்கி வேவ் மேக்கருக்கு முன்னால் விடுங்கள். துகள் போகும் வழியைப் பின்தொடருங்கள். எங்கே சுழன்று சுழன்று இறங்கிப் படிகிறதோ அதுதான் செத்த இடம். அங்கே ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் எவ்வளவு கசடு கிளம்புகிறது என்று கண்ணாலேயே காணலாம். கிளம்பியதைக் குழாய் வைத்து உடனே உறிஞ்சி வெளியே எடுத்துவிடுங்கள், திரும்பப் படிய விடாதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கிளப்ப வேண்டாம். பல மாதக் கசடு ஒன்றாகக் கிளம்பினால் அமோனியா ஏறி மீனுக்கு மூச்சு முட்டும். வாரத்துக்கு ஒரு பகுதி போதும்.

அப்புறம் அடுக்கை மாற்ற வேண்டும். நான்கு பக்கமும் கண்ணாடியிலிருந்து மூன்று நாலு அங்குலம் இடைவெளி விடுங்கள். பின்பக்கமும்தான். துடைப்பான் போக வழியும் கிடைக்கும். அடித்தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கல் பிடிக்காமல், உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் வைத்தால் கண்ணுக்கும் நன்றாக இருக்கும். ஒரே குவியலாக இல்லாமல் பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவு, நடுவே ஒரு வாய்க்கால். வேவ் மேக்கரை எதிர்க் கண்ணாடியில் அடித்துத் திரும்பும்படி வையுங்கள், நேராகக் கல்லின் முகத்தில் அடித்தால் முன்னால் புயல், பின்னால் குட்டை. மீன்களும் மென்பவளமும் உள்ள தொட்டிக்கு மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 10 முதல் 20 மடங்கு ஓட்டம் என்று கணக்கு வைத்துத் தொடங்கலாம்.

தொட்டி லிட்டருக்கு இத்தனை கிலோ கல் என்ற பழைய கணக்கைக் கேட்டுக் கல்லைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நல்ல துளையுள்ள கல் என்றால் பாதி போதும். சம்பில், அதாவது தனியாக இருக்கும் வடிகட்டித் தொட்டியில், செராமிக் மீடியா (பாக்டீரியா குடியேறும் துளையுள்ள பீங்கான் துண்டுகள்) இருந்தால் இன்னும் குறைக்கலாம்.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம்

பெரிய சப்பைக் கல் மண்ணில் படுத்துக் கிடக்கும் இடத்தில், கண்ணாடி வழியாகப் பார்த்தால் மண்ணில் கறுப்புத் திட்டு தெரியும். அந்த நாற்றம் காற்றில்லாத இடத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, மீனுக்குக் கொடிய விஷம். கல்லைச் சட்டென்று புரட்டினால் வாயு முழுவதும் தண்ணீரில் கலந்துவிடும். மீன்களை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். காற்றுப் பம்பு ஓடட்டும். உறிஞ்சும் குழாயின் வாயைக் கல்லின் ஓரத்தில் வைத்துக்கொண்டே கல்லை ஒரு விரல் அளவு தூக்கி, கறுத்த மண்ணை அப்படியே வெளியேற்றுங்கள். திரும்ப வைக்கும்போது கல்லைப் படுக்க வைக்காமல் கால் மேல் நிறுத்துங்கள்.

அறிகுறி: புதுக் கல் போட்டதும் அமோனியா ஏறுகிறது, அல்லது பச்சை நூல்பாசி படர்கிறது

அமோனியா என்றால் கல்லின் துளைக்குள் செத்த உயிர்ப்பொருள் இருக்கிறது. கல்லை எடுத்து ஒரு டிரம்மில் உப்புத் தண்ணீர், ஒரு பம்பு, மேலே மூடி, வெளிச்சம் வேண்டாம். அடர்த்தி 1.025 அளவில் இருக்கட்டும். அவ்வப்போது அடியில் சேரும் குப்பையை உறிஞ்சி எடுத்துத் தண்ணீர் மாற்றி, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்து அங்கேயே நிற்கும்வரை விடுங்கள். வாரங்கள் ஆகும். அவசரப்படுகிறவர்கள் மீனை இழப்பார்கள்.

டிரம்முக்குக் கடல் தண்ணீரே எடுத்துவரலாம், நமக்கு அது பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாறு கலக்கும் இடத்திலும் மணக்குடியில் பழையாறு கலக்கும் இடத்திலும் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் உப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இந்தத் தொல்லை வருஷத்தில் பல மாதம் இருக்கும். துறைமுகத்துக்குள்ளும் வேண்டாம், விசைப்படகின் டீசல் மிதக்கும். ஹைட்ரோமீட்டர் கையில் இல்லாமல் கடற்கரைக்குப் போகாதீர்கள்.

அமோனியா சுழியம், ஆனாலும் பச்சைப்பாசி அடங்கவில்லை என்றால் கல்லிலிருந்து பாஸ்பேட் கசிகிறது. உலர்ந்த கல்லில் இது சகஜம். டிரம்மிலேயே பாஸ்பேட் நீக்கும் மீடியா போட்டு இறக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரம் முக்கி மேல்தோலைக் கரைப்பதும் ஒரு வழி. திறந்த வெளியில், கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் போட்டு, தண்ணீரில் அமிலத்தை ஊற்றிக் கலக்குங்கள், அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கழிப்பறை கழுவும் புட்டியில் வேறு ரசாயனங்களும் வாசனையும் சேர்ந்திருக்கும், அது ஆகாது. கல்லை ப்ளீச்சில் ஊறவைத்திருந்தால், நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து வாசனை முழுதும் போன பிறகே அமிலம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. புதுக் கல்லில் முதலில் படரும் பழுப்புத் தூசி டயாட்டம் என்ற நுண்பாசி, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தானே போகும்.

அறிகுறி: கல்லிலிருந்து செந்தூள் உதிர்கிறது, அல்லது எவ்வளவு நாளானாலும் அமோனியா குறைவதில்லை

செந்தூள் என்றால் அது வெட்டுக்கல். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடு கட்டும் கல்தான், துளை துளையாக இருப்பதால் ஆசையாக இருக்கும். அதில் இருப்பது இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். கரைந்து உதிரும், அடுக்கும் நிற்காது. அமோனியா குறையவே இல்லை என்றால் கருங்கல்லோ ஆற்றுக் கல்லோ வைத்திருப்பீர்கள். கேடு ஒன்றும் செய்யாது, வேலையும் பெரிதாகச் செய்யாது, கனம் மட்டும் மிச்சம். உலர்ந்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் துளை இருக்கிறது. வினிகரில் குமிழ் வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. இரண்டும் இருந்தால் எடுங்கள்.

அறிகுறி: காந்தத் துடைப்பானில் கறுப்புப் பொடி, கண்ணாடியில் கீறல்

கல்லைச் சுற்றிப் போட்ட மண் எங்கே அள்ளியது? மணவாளக்குறிச்சி, மிடாலம், சின்னவிளை என்று நம் மேற்குக் கரை மண்ணில் இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்திருக்கும். அதற்காகத்தான் மணவாளக்குறிச்சியில் அரசு நிறுவனமான ஐஆர்இஎல் ஆலையே நடக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. இந்த மண்ணின் கறுப்பு மணி காந்தத்தில் ஒட்டும், துடைப்பானில் மாட்டிக் கண்ணாடியைக் கீறும், பம்பின் காந்தச் சுழலியில் போய் அடைந்து அதையும் தேய்க்கும். அள்ளுவதும் சட்டப்படி சரியில்லை. எடுத்துவிட்டு அராகனைட் என்ற சுண்ணாம்பு மண் போடுங்கள். மாற்றும்போது கல்லைச் சுற்றியுள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுங்கள். கல் கண்ணாடியில் ஊன்றியிருந்தால் அடுக்கு அசையாது. மண்ணில் ஊன்றியிருந்தால் முதல் இரண்டு அறிகுறிகளுக்கும் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: கல் மிதக்கிறது

உள்ளே காற்று. இரண்டு மூன்று நாள் வாளியில் முக்கி, மேலே கனம் வைத்து ஊறவிடுங்கள். அதன் பிறகும் மிதந்தால் அது எரிமலை நுரைக்கல், தொட்டிக்குள் வேண்டாம்.

அறிகுறி: மீன் வெளியே வருவதில்லை, அல்லது ஒன்றை ஒன்று விரட்டுகிறது

ஒரே ஒரு குகை இருந்தால் அதைப் பிடித்த மீன் ராஜா. டாம்செல் மீன்கள் இதில் மோசம். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கிளவுன் மீன் (கோமாளி மீன்) இனப்பெருக்கத்தை வெற்றிகரமாகச் செய்தது, பண்ணையில் பிறந்த கிளவுன் மீன் நமக்குக் கிடைப்பது அதனால்தான். அவை சாது என்று நினைத்தால், ஜோடி சேர்ந்த பிறகு தங்கள் மூலையைக் காக்க உங்கள் கையையே கடிக்கும். இரண்டு வாசல் உள்ள குகைகள் பல வேண்டும். தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை நேராகத் தெரியாதபடி கல் மறைக்க வேண்டும். விரட்டும் மீன் தொல்லை அடங்கவில்லை என்றால் அடுக்கையே மாற்றுங்கள். எல்லை குலைந்தால் ராஜாவும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி: இரவில் டிக், டிக் சத்தம்

சீராக வந்தால் பம்பின் வயரோ குழாயோ கல்லில் உரசுகிறது, சுவரில் தொங்கும் வேவ் மேக்கரையும் பாருங்கள். திடீர் திடீரென்று துப்பாக்கி சொடுக்கியதுபோல் கேட்டால் பிஸ்டல் இறால், அல்லது கல்லோடு வந்த மான்டிஸ் இறால். முன்னது இருந்துவிட்டுப் போகட்டும். பின்னது மீனைக் கொல்லும். எந்தக் கல் என்று கண்டுபிடித்து அதை மட்டும் வெளியே வாளிக்கு மேலே தொங்கவிட்டால் பெரும்பாலும் தானே இறங்கி வரும். விரலை ஓட்டைக்குள் விடாதீர்கள், கிழித்துவிடும்.

அறிகுறி: எல்லாம் சரி, கரண்ட் போனால் மட்டும் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

கல்லில் குடியிருக்கும் பாக்டீரியாவும் மூச்சு விடுகிறது. ஓட்டம் நின்றால் மீனும் கல்லும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். கல்லை நெருக்கி அடைத்த தொட்டியில் இது சீக்கிரம் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்குத் தயாராக இருங்கள். இன்வெர்ட்டரில் மோட்டார் ஓடாவிட்டாலும் ஒரு காற்றுப் பம்பு ஓடினால் போதும், பேட்டரியில் ஓடுவது ஒன்று தனியாக இருக்கட்டும். காற்றுக் கல்லை அடுக்கின் நடுவே, வாய்க்காலில் வையுங்கள், மூலையில் வேண்டாம். அந்த நேரத்தில் தீனி போடாதீர்கள். கல்லைத் தொடாதீர்கள், கசடைக் கிளப்பாதீர்கள்.

கரண்ட் வந்ததும் எல்லா சுவிட்சையும் போடத் தோன்றும். கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) இருந்தால் அது பல மணி நேரம் நின்றிருக்கும், உள்ளே உள்ள தண்ணீர் கெட்டிருக்கும். அதைத் திறந்து பழைய தண்ணீரைக் கீழே ஊற்றி, மீடியாவை உப்புத் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு ஓட விடுங்கள். வேவ் மேக்கரைக் குறைந்த வேகத்தில் தொடங்கி அரை மணி நேரம் கழித்துக் கூட்டுங்கள். மீன் அடங்கிய பிறகு அமோனியா ஒருமுறை சோதித்து, ஏறியிருந்தால் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.